மருதத்தின் நஞ்சும் நெய்தலின் மீனும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும் அங்குள்ள பாடும் மீனைக் குறிப்பிடாது விடுவதில்லை. பூரணை இரவொன்றிலே கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக் கேட்டால் அவ்வொலி கேட்கும் என்பர். எமது ஊர்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே வரவேற்புரை நிகழ்த்துவோர் இம்மீனைப் பாடவைத்த பின்னரே விடயத்துக்கு வருவர். நானும் அவ்வாறு பேசியவனே. ஆனால், அம்மீன் நலமாக இருக்கின்றதா என்று எவரும் வினவியதாக எனக்கு நினைவில்லை. அவ்வினா என்னுள் எழுந்த விதத்தையும், அதற்கு விடை தேடப் புகுந்தபோது அது என்னை எனது வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது குடும்பம் களப்பின் இரு கரைகளுக்கும் உரியது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் பரந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. அப்பாவின் வழியினர் படுவான்கரையில் வெள்ளாமை செய்வோர். அம்மாவின் வழியினர் எழுவான்கரையில் களப்பை நம்பி வாழ்வோர். அம்மாவின் தமையனாகிய மாமா இன்றும் விடியுமுன் தோணியிறக்கி வலை வீசுபவர். அறுவடை முடிந்ததும் அப்பாவின் வளவிலிருந்து நெல் மூடை களப்பைக் கடந்து மாமா வீட்டுக்குச் செல்லும். நல்ல பாடு கிடைத்த நாட்களில் மாமா வீட்டிலிருந்து மீன் எமது வீட்டுக்கு வரும். தொல்காப்பியம் கூறும் திணைமயக்கத்தை விரிவுரை மண்டபத்திலே முதன்முதற் கேட்டபோது, மருதமும் நெய்தலும் மயங்குவது எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. எமது வீட்டு அடுக்களையில் அவை நாள்தோறும் மயங்கின. ஆனால், அரிசியும் மீனும் மாத்திரமன்றி, வேறொன்றும் ஒரு திணையிலிருந்து மற்றைய திணைக்குச் சென்றுகொண்டிருந்தது என்பதை நான் அறிந்தது பின்னரேயாகும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பெரும்போக வெள்ளாமை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த மார்கழி மாதமொன்றிலே அப்பாவுடன் வட்டைக்குச் சென்றிருந்தேன். முதல்நாள் வயல் முழுவதும் மருந்தடித்திருந்தார்கள். அன்றிரவு பெருமழை. காலையில் வக்கடைகள் யாவும் திறந்து நீர் வழிந்தோட, வாய்க்கால்கள் கலங்கலாகப் பெருகி வடிகாலிற் சேர்ந்து களப்பை நோக்கிச் சென்றன. வடிகால் களப்பிற் கலக்கும் இடத்திலே சிறு மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமிட்டு நீந்தின. கரையோரப் புற்களிடையே திரளிக் குஞ்சுகள் வெள்ளி நாணயங்களைப் போல் மிதந்தன. நான் குனிந்து ஒன்றைக் கையிலெடுத்தேன். அப்பா அதைத் தட்டிவிட்டு, “புதுத்தண்ணி வந்தா மீன் இப்படித்தான் மிதக்கும் மகன். வா போவம்” என்றார். தட்டிவிட்ட கையை அவர் சாரத்திலே அழுந்தத் துடைத்துக்கொண்டதை மாத்திரம் நான் மறக்கவில்லை.

அப்பா கூறியது முற்றிலும் பொய்யன்று. வெள்ளநீர் திடீரெனப் புகும்போது களப்பின் உவர்த்தன்மை மாறுவதாலும், அடித்த சேறு கிளம்பி நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைக் குறைப்பதாலும் மீன்கள் இறப்பதுண்டு. செத்து மிதக்கும் மீனைக் கண்ட மாத்திரத்திலே நஞ்சு என்று தீர்ப்பளிப்பது அறிவுடைமையாகாது. ஆயினும், காரணம் இரண்டாக இருக்கக்கூடிய இடத்தில் தமக்கு வசதியான காரணத்தையே மனிதர் தேர்ந்துகொள்கின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. எமது மொழியும் இதற்குத் துணைபோகின்றது. பூச்சியைக் கொல்லும் நஞ்சை நாம் ‘மருந்து’ என்றே அழைக்கின்றோம். மருந்தென்று பெயர் பெற்ற ஒன்றினால் நோய் வரும் என்று எண்ணுவது எங்ஙனம்?

இப்பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர், விஞ்ஞான பீடத்திலே விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர் எனக்கு நுணுக்குக்காட்டியின் கீழ் இரு கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். இரண்டும் மீனின் பூவிலிருந்து, அதாவது செவுளிலிருந்து, வெட்டிய மெல்லிய படலங்கள். முதலாவதில் பூவின் இழைகள் சீப்பின் பற்களைப் போல ஒழுங்காக நின்றன. பூச்சிகொல்லி கலந்த நீரில் வைக்கப்பட்ட மீனுக்குரிய இரண்டாவதில் அப்பற்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. “இந்த மீன் சாகேல்லை. கடைசிவரை நீந்திக்கொண்டுதான் இருந்தது” என்றார் நண்பர். அவ்வொரு வாக்கியமே என்னை இவ்விடயத்திற்குள் இழுத்துச் சென்றது எனலாம்.

மீன் நீரைப் பருகி உயிர்வாழ்வதன்று, நீரினூடாகவே சுவாசிக்கின்றது. குருதிக்கும் நீருக்கும் இடையே மிக மெல்லிய தோலை மாத்திரமே கொண்ட உறுப்பு அதன் பூ. ஆகவே நீரிற் கலந்த நஞ்சு முதலில் தாக்குவது அவ்வுறுப்பையே. வீங்கித் தடித்த பூவினால் போதிய ஒட்சிசனைப் பெறவியலாது. உடலின் உப்புச் சமநிலையைப் பேணவும் இயலாது. நன்னீரும் உவர்நீரும் நாளுக்கு நாள் மாறும் களப்பிலே வாழும் மீனுக்கு இச்சமநிலையே உயிர்நாடி. நஞ்சு ஈரலை அடைந்ததும், அதனை முறித்து வெளியேற்றும் வேலையிலே ஈரல் நலிவுறுகின்றது. சேதனப் பொசுபரசு, காபமேற்று ஆகிய இரு வகைப் பூச்சிகொல்லிகளும் நரம்பிலே செயற்படுவன. நரம்பு தசைக்கு இடும் கட்டளையை உரிய நேரத்தில் முடித்துவைக்கும் நொதியம் ஒன்று பூச்சியிலும் உண்டு, மீனிலும் உண்டு, மனிதனிலும் உண்டு. இந்நஞ்சுகள் அந்நொதியத்தை முடக்குகின்றன. கட்டளை முடிவுறாது தொடர, தசை இழுபட்டு ஈற்றில் சோர்கின்றது. அன்று வடிகால் வாயிலே வட்டமிட்டு நீந்திய மீன்களை நான் நினைத்துக்கொண்டேன்.

நஞ்சின் அளவு கொல்லப் போதாதபோதும் மீன் தப்பியதாகக் கொள்ளமுடியாது. சொற்ப அளவு சேதனப் பொசுபரசு நஞ்சுக்கு உட்பட்ட சமன் மீன்கள் மோப்ப உணர்வு குன்றி, பகையின் வாடையை உணராது போனமை ஆய்வுகளிற் காட்டப்பட்டுள்ளது. மெதுவாக நீந்தும் மீனைக் கொக்கு பிடிக்கும். பசித்த மீனுக்கு நோய் தொற்றும். நலிந்த மீனின் சினை குறையும். இவற்றில் எதுவும் கரையிலே செத்து ஒதுங்குவதில்லை. எனவே எவரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

கழிமுகங்களும் களப்புக்களும் இவ்விடயத்திலே ஏன் தனிக் கவனத்துக்குரியன என்பதையும் நோக்குதல் வேண்டும். வயலிலிருந்து வரும் நீர், களித்துணிக்கைகளையும் அவற்றில் ஒட்டிய நஞ்சையும் சுமந்து வருகின்றது. நன்னீரிலே மிதந்து வந்த துணிக்கைகள் உவர்நீரைச் சந்தித்ததும் ஒன்றோடொன்று திரண்டு அடியிற் படிகின்றன. ஆறு சுமந்து வந்ததைக் கடலுக்குக் கொடுக்குமுன் கழிமுகம் தன் மடியில் வாங்கிக்கொள்கின்றது. அம்மடியே மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் வளரும் தொட்டிலுமாகும்.

எமது களப்பின் நாட்காட்டியோ இந்நிலையை மேலும் இக்கட்டாக்குகின்றது. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களின் வடிநீர் இவ்வாவியையே சேர்கின்றது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலமே பெரும்போகப் பயிர் வளரும் காலம். அதுவே மருந்தடிக்கும் காலம். மழைவெள்ளத்தால் முகத்துவாரம் திறந்து கடலின் குஞ்சுகள் களப்பினுட் புகுவதும் அக்காலமே. பாலமீன்மடு என்று மீனின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அவ்வாயிலினூடாக உள்ளே வரும் குஞ்சுக்கு நாம் அளிக்கும் வரவேற்பு இதுவாகும்.

பிறநாட்டுக் கழிமுகங்கள் சிலவற்றின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. டி. டி. ரி. பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இற் கண்டறிந்த போல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1962இல் ரேச்சல் கார்சன் ‘மௌன வசந்தம்’ என்னும் நூலின் மூலம் அதன் மறுபக்கத்தை உலகுக்குக் காட்டினார். 1967இல் ஐக்கிய அமெரிக்காவின் லோங் தீவிலுள்ள காமன்ஸ் ஆற்றுக் கழிமுகத்திலே செய்யப்பட்ட ஆய்வு வெளியாயிற்று. அங்கு நீரிலே பத்து இலட்சத்தில் 0.00005 பங்காக இருந்த டி. டி. ரி., மிதவையுயிர்களில் 0.04 பங்காகவும், மீனுண்ணும் கடற்காகம் ஒன்றில் ஏறத்தாழ 75 பங்காகவும் இருந்தது. நீரிலிருந்து பறவைக்கு வருமுன் நஞ்சு பதினைந்து இலட்சம் மடங்கு செறிவடைந்துள்ளது. நீரைச் சோதித்துத் தூயதெனச் சான்றிதழ் அளிப்பது எவ்வளவு பொருளற்றதென்பதை இதனினும் தெளிவாகக் காட்டவியலாது.

வேர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றுக் கழிமுகத்திலே நிகழ்ந்தது இன்னும் கொடியது. கெப்போன் என்னும் பூச்சிகொல்லியைச் செய்த தொழிற்சாலையொன்றின் கழிவு ஆற்றிற் கலந்தமை 1975இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அங்கு மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் தடைகள் முற்றாக நீங்க 1988 வரை செல்லவேண்டியிருந்தது. சேற்றிலே படிந்த நஞ்சு அங்கிருந்து அகற்றப்படவில்லை. புதிய சேறு அதன்மேற் படிந்து மூடியது, அவ்வளவே. அந்நஞ்சிலே வைத்து ஆராயப்பட்ட சிறு மீன்களின் முள்ளந்தண்டு வளைந்து முறிந்தது. அம்மீனின் படத்தை நூலகத்திலே கண்ட அன்று மதிய உணவில் மீன்துண்டை ஒதுக்கிவைத்தேன். மறுநாள் உண்டேன். மனிதன் இயல்பு அது.

இலங்கையிலே சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. 1995இல் மிகக் கொடிய வகையைச் சேர்ந்த மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியன தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. இத்தடைகளுக்கான காரணம் மீனன்று, மனிதரே. நஞ்சருந்தி உயிர்மாய்த்தோரின் தொகை நாட்டை உலுக்கியதால் அவை வந்தன. அவ்விறப்புக்கள் பெரிதும் குறைந்தன. அது எவ்வகையிலும் போற்றத்தக்கதே. ஆனால், ஒரு லீற்றர் நீரில் சில மைக்கிரோகிராம் அளவிலேயே பல மீனினங்களைக் கொல்லவல்ல எண்டோசல்பானை மீனுக்காக எவரும் தடைசெய்யவில்லை என்பதும் உண்மையே. அதன்பின் வந்த பைரித்திரொயிட்டு வகை மருந்துகள் மனிதனுக்கு ஒப்பீட்டளவிலே தீங்கு குறைந்தவை. மீனுக்கும் இறாலுக்குமோ மிகக் கொடியவை. மனிதனுக்குப் பாதுகாப்பானது என்ற சொல் களப்பிலே பொருள் தருவதில்லை.

இங்ஙனம் ஒருவாறு கற்றுத் தேர்ந்தவனாக நான் விடுமுறைக்கு ஊர் சென்றேன். மாமாவுடன் தோணியிற் செல்லும் வாய்ப்பு அப்போது கிட்டியது. காமன்ஸ் ஆற்றையும் ஜேம்ஸ் ஆற்றையும் பற்றி நான் விளக்க, அவர் வலையைச் சீர்செய்தவாறே கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் கூறினார்:

“செத்து மிதக்கிற மீனைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறாங்க மருமகன். நான் பிடிக்கிறது செத்த மீன் இல்லையே. முதல்ல போறது மீனில்ல, கூனி. வட்டையில மருந்தடிக்கிற கிழமையில வடிகால் வாய்ப்பக்கம் கூனியைக் காணக் கிடையாது. கூனி இல்லாட்டி மீன் அங்க நிக்காது. நிண்டாலும் வயிறு ஒட்டித்தான் நிக்கும். இதைப் பாக்கிறதுக்குப் படிக்கவா வேணும்?”

நான் வாயடைத்துப் போனேன். இறாலும் நண்டும் கூனியும் பூச்சிகளைப் போன்றே கணுக்காலிகள். பூச்சியைக் கொல்லவெனச் செய்யப்பட்ட நஞ்சு மீனுக்கு முன்பாக அவற்றைக் கொல்வது இயல்பே. நான் நூல்களிலே தேடிப் படித்ததை அவர் வலையின் கனத்திலே படித்திருந்தார். “இதை அப்பாட்டச் சொன்னீங்களா மாமா?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “மச்சானுக்கிட்ட நான் என்னெண்டு சொல்லுற? அவர்ர நெல்லைத்தானே நாங்களும் தின்னுறம்” என்றார்.

அன்றிரவு அப்பாவிடம் நானே பேசினேன். அவர் சினக்கவில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். 2021ஆம் ஆண்டை அவர் நினைவூட்டினார். அவ்வாண்டின் முற்பகுதியிலே இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி ஒரே அறிவிப்பிலே நிறுத்தப்பட்டது. நவம்பரிலே அத்தீர்மானம் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே விதைத்த வயல் எமக்குத் தந்தது புல்லும் கோரையும் கடனுமே. அம்மாவின் காப்புச் சோடி அடகுக்குப் போனதும், நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததும் அக்காலத்திலேயே. “மருந்தை விட்டா வயல் போகும். வயல் போனா உன்ர படிப்பு எங்கால மகன்?” என்று அப்பா கேட்டார். எனது விடுதிக் கட்டணமும், நான் படித்த நூல்களின் நிழற்படப் பிரதிகளும், களப்பின் மீனைப் பற்றிய எனது கவலையும்கூட அந்த மருந்தடித்த வயலிலிருந்தே வந்தன என்பதை அவர் கூறவில்லை. கூறவேண்டியும் இருக்கவில்லை.

நகரத்திலிருந்து கொண்டு நஞ்சற்ற விவசாயம் பேசுவோர் பலர் இவ்விடத்திலே நின்றுவிடுகின்றனர். விவசாயியைக் குற்றவாளியாக்கி அவர்கள் மன நிறைவு பெறுகின்றனர். மருந்தை விற்பவனும், அதைக் கடனாகக் கொடுத்து நெல்லை மலிவாக வாங்குபவனும் அவர்களின் கண்ணிற் படுவதில்லை. வழி வேறிடத்திலே உள்ளது என்பதை நான் கலிபோர்னியாவின் நெல்வயல்களைப் பற்றி அறிந்தபோதே உணர்ந்தேன். சாக்கிரமென்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே 1980களின் தொடக்கத்தில், நெல்வயல்களின் வடிகால்களில் கெண்டை மீன்கள் பெருந்தொகையாக இறந்தன. வயலுக்கு இட்ட மொலினேற்று என்னும் களைநாசினி அதற்குக் காரணமெனக் காணப்பட்டது. அங்கு செய்யப்பட்டது மிக எளிய ஒரு காரியம். மருந்திட்ட பின்னர் குறித்த நாட்கள் வரை வயல்நீரை வெளியேவிடாது தடுத்து வைக்கவேண்டும் என விதித்தனர். வெயிலும் மண்ணும் நுண்ணுயிர்களும் நஞ்சின் பெரும்பகுதியை வயலுக்குள்ளேயே சிதைத்துவிட, ஆற்றுக்குச் சென்ற அளவு பெரிதும் குறைந்தது. நெல் அழியவில்லை. இந்தோனேசியாவிலோ 1986இல் நெல்வயலுக்கு 57 வகைப் பூச்சிகொல்லிகள் ஒரே ஆணையினால் தடைசெய்யப்பட்டன. சிலந்தி முதலிய நட்புப் பூச்சிகளை மருந்து கொன்றமையே அங்கு அறக்கொட்டிப் பூச்சி பெருகக் காரணமாயிற்று என விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியமையே அதற்கு அடிப்படை. 2021இல் இங்கு நிகழ்ந்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, அங்கு ஆணையைத் தொடர்ந்து விவசாயிக்கு வயலிலேயே கல்வி வழங்கப்பட்டமையாகும்.

அப்பாவிடம் மூன்று விடயங்களை மாத்திரம் கேட்டேன். மழைக்குறி தெரியும் நாளிலே மருந்தடிக்க வேண்டாம். அடித்தபின் இயன்றவரை சில நாட்களுக்கு வக்கடையைக் கட்டிவையுங்கள். மருந்துத் தாங்கியை வாய்க்காலிலே கழுவவேண்டாம். “மருந்து காசு. வயலுக்குள்ள நிண்டா எனக்குத்தானே நல்லது” என்று அப்பா சிரித்தார். கடந்த மார்கழியிலே அவர் தாமே மண்வெட்டியெடுத்து வக்கடையைக் கட்டியதை நான் கண்டேன். நான்காம் நாள் பெய்த பெருமழையிலே வரம்பு உடைந்து நீர் ஓடிற்று. ஆயினும் நான்கு நாட்கள் நின்றது. மேலும், எமது வயலின் வக்கடை ஒன்று. அவ்வட்டையிலோ நூற்றுக்கணக்கான வக்கடைகள்.

எனவே இது தனிமனிதரின் நல்லெண்ணத்தினால் மாத்திரம் தீரும் விடயமன்று. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. விதைக்கும் நாளும் நீர் விடும் நாளும் கால்நடைகளை அப்புறப்படுத்தும் நாளும் அங்கு தீர்மானிக்கப்படுகின்றன. மருந்தடித்தபின் நீரைக் கட்டும் நாட்களும் அங்கு தீர்மானிக்கப்படலாமே! அக்கூட்டத்துக்கு எமது பகுதியிலே மீனவர் எவரும் அழைக்கப்படுவதில்லை. வயலின் நீர் எங்கு சென்று முடிகின்றதோ அங்கு வாழ்பவனுக்கு அந்நீரைப் பற்றிப் பேச இடமில்லை. மாமாவைப் போன்ற ஒருவர் அங்கு அமர்ந்து கூனியைப் பற்றிக் கூறினால், எத்தனையோ அறிக்கைகள் செய்யாததை அது செய்யும் என்பது என் நம்பிக்கை. பல்கலைக்கழகங்களும் தம் பங்கை ஆற்றலாம். நீரை மாத்திரமன்றி, களப்பின் சேற்றையும் மீனின் ஈரலையும் போகத்துக்குப் போகம் சோதித்து, முடிவுகளைத் தமிழிலே அம்மக்களின் கையிற் கொடுத்தல் வேண்டும்.

இவ்வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் மகாவலியை நாம் பாலத்தில் நின்று பார்த்து இரசிக்கின்றோம். மலைநாட்டுத் தோட்டங்களையும் காய்கறிப் பாத்திகளையும் கழுவி வரும் இந்நீரும் ஈற்றிலே கொட்டியாரக்குடாவைச் சேர்கின்றது. அங்கும் ஒருவர் விடியுமுன் தோணியிறக்குகிறார். அவருக்கும் இந்நதியின் மேற்கரைகளில் எங்கோ பெயரறியாத மைத்துனர்கள் உள்ளனர். சென்ற முறை ஊரிலிருந்து புறப்படும்போது, மாமா பொரித்த மீன் பொதி ஒன்றைத் தந்தார். அப்பா அரிசிப் பை ஒன்றைத் தந்தார். பேருந்திலே இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டும் எனக்கு வேண்டும். இரண்டையும் அச்சமின்றி உண்ணவும் வேண்டும்.